பச்சைப் பட்டாணி: வாங்குவதா, விளைவிப்பதா?
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)



நமது விருதுநகர் ஜில்லாவில் சங்கங்களின் பொதுக்கூட்டத்திற்குச் செல்லும்போதெல்லாம், கணக்கு வாசித்து முடிந்த பின்னர், யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பச்சைப் பட்டாணி பட்டணத்துக் கடையில் இவ்வளவு கிரயத்திற்கு விற்கிறதே, அதை நம் கரிசலில் நாமே போட்டால் என்ன? அதற்குச் சங்கம் கடன் கொடுக்குமா?” என்பதே அது. கேள்வி நியாயமானது. கலியாணப் பந்தியில் குருமாவுக்கும் புலவுக்கும் பட்டாணி வேண்டும் என்ற வழக்கம் கிராமங்கள் வரை வந்துவிட்டது. சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு வேலைகளில் ரொக்கக் கூலி பெறும் குடும்பங்கள் வாரம் ஒரு முறையாவது அதை வாங்க விரும்புகின்றன. வாங்குவோர் இருக்கும்போது விளைவிப்போர் ஏன் இருத்தலாகாது?

இக்கேள்விக்கு ஆராயாமல் விடை சொன்னதன் பலனை யான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே இப்பாடத்தை என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஒரு கடன் மனுவின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், சாத்தூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் ஒருவர் அரை ஏக்கரில் பட்டாணி பயிரிடுவதற்காகக் கடன் மனு கொடுத்தார். நாணயமானவர், பழைய பாக்கி ஒன்றும் இல்லை, ஜாமீனும் சரியாக இருந்தது. யான் மனுவைப் பரிசீலித்தேன். நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டேன், கிணற்றைக் கேட்டேன், ஜாமீன்தாரரைக் கேட்டேன். பயிருக்கு இந்தச் சீதோஷ்ணம் பொருந்துமா என்று மட்டும் கேட்கவில்லை.

அவர் 20 கிலோ விதை வாங்கி ஐப்பசியில் ஊன்றினார். பருவ மழை கனத்துப் பெய்தது. கரிசலில் தண்ணீர் நின்று விதையில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே அழுகியது. தப்பிய செடிகள் பார்வைக்கு அழகாகவே எழுந்தன, பூவும் பூத்தன. பிறகு மழை வெறித்துப் பகல் வெயில் ஏறியதும் பூக்கள் உதிர்ந்தன. எஞ்சிய காய்கள் இரண்டு மூன்று மணிகளோடு நின்றுவிட்டன. இலைகளில் சாம்பல் தூவியதுபோல் நோய் படர்ந்தது. அரை ஏக்கரிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த காய் ஒரு சாக்குக்கும் குறைவு.

அதே நிலத்து வரப்பில், ஆடி மாதத்தில் அவர் மனைவி கைப்பிடியளவு மொச்சை விதையைப் போட்டிருந்தார். அதற்குக் கடன் இல்லை, உரம் இல்லை, மருந்து இல்லை. தைப் பொங்கலுக்கு முன்னும் பின்னும் அந்த அம்மாள் நாள்தோறும் கூடை கூடையாக மொச்சைக்காய் பறித்துச் சாத்தூரில் விற்றார். அவ்வாண்டு கடனுக்கு வட்டி கட்டியது மொச்சையே. அசலைத் தீர்க்க மேலும் இரண்டு வெள்ளாமை பிடித்தது.

“இன்ஸ்பெக்டர் ஐயா, நான் ஆசைப்பட்டேன், சரி, நீங்களாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே” என்று அப்பெரியவர் ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அதன் பின்னர் யான் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

2. பட்டாணிச் செடியின் இயல்பு

பட்டாணி குளிரை நாடும் பயிர். மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வருவது. அங்கே மழையும் குளிரும் சேர்ந்து வரும். அக்காலத்தில் வளர்ந்து, கோடை பிறக்குமுன் காய்த்து முடிவது அதன் பழக்கம். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பத்தில் அது செழிக்கும். 27, 30 டிகிரியைத் தாண்டினால் செடி உயிரோடு இருக்கும். ஆனால் பூ நிலைக்காது, மணி நிரம்பாது. இளஞ்செடி பனியைத் தாங்கும். பூத்த செடியோ வெயிலைத் தாங்காது. இந்த ஒரு வாக்கியத்தை மறவாதிருந்தால் இப்பாடத்தில் பாதியைக் கற்றவராவீர்கள்.

பட்டாணியில் இரண்டு ஜாதிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். உலர்ந்தபின் உருண்டையாய் வழவழப்பாய் இருப்பது ஒன்று. உலர்ந்தபின் தோல் சுருங்கித் திரைந்து காணப்படுவது மற்றொன்று. உருண்டை ஜாதியில் மாவுச் சத்து மிகுதி. அது பருப்புக்கும் வறுப்பதற்கும் ஏற்றது. சுருங்கிய ஜாதியில் சர்க்கரை மிகுதி. பச்சையாகத் தின்பதற்கு இனிப்பானது அதுவே. இந்த உருண்டையும் சுருக்கமும் தலைமுறை தலைமுறையாக எவ்விதம் இறங்குகின்றன என்பதை, இன்று செக் நாட்டில் சேர்ந்துள்ள புரூன் நகரத்தில் கிரிகோர் மெண்டல் என்பவர் 1856 முதல் 1863 வரை தோட்டத்தில் செடி செடியாக எண்ணிப் பார்த்து, 1866-ல் வெளியிட்டார். இன்றைய பயிர் வம்ச சாஸ்திரத்திற்கு அடிகோலியது இப்பட்டாணித் தோட்டமே.

இதனால் நமக்கு உள்ள பிரயோஜனம் யாதெனில், மளிகைக் கடையில் விற்கும் காய்ந்த பட்டாணியை வாங்கி விதைத்தால் இனிப்பான பச்சைப் பட்டாணி கிடைக்காது என்பதாகும். அது பெரும்பாலும் உருண்டை ஜாதி. கானடா முதலிய தூர தேசங்களிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கிய சரக்காகவும் இருக்கலாம். விருதுநகர்ச் சந்தை பருப்புக்கும் மல்லிக்கும் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் பேர்போனது. அங்கே மூட்டை மூட்டையாகக் காணும் பட்டாணியைக் கண்டு, இது நம் சீமையில் விளைவது என்று எண்ணிவிடலாகாது. வியாபாரம் நடக்கும் ஊர் வேறு. விளையும் ஊர் வேறு.

இன்னுமொரு நுட்பம். பயறு வகைச் செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை வாங்கிச் செடிக்குக் கொடுக்கின்றன. மொச்சை, துவரை, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கு உதவும் உயிர்கள் நம் மண்ணில் பரம்பரையாக இருக்கின்றன. பட்டாணிக்கு உதவுவது வேறு இனம். பட்டாணியே பயிராகாத மண்ணில் அது போதிய அளவு இராது. விதையோடு சேர்த்துக் கலந்து விதைத்தால்தான் முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

3. நமது சீதோஷ்ணம் சொல்வது என்ன?

நமது ஜில்லாவின் பெரும்பகுதி வானம் பார்த்த கரிசல். மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் காற்று உலர்ந்தது, வெயில் கடுமையானது. மார்கழி தையிலும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். இரவில் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். சித்திரை வைகாசியைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்த வறண்ட வெயிலைத் தூற்றுவது நன்றியாகாது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923-ல் இங்கே தொடங்கினார்கள். அத்தொழிலும், பின்னர் அதனோடு சேர்ந்த பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றியதற்கு இவ்வறட்சி ஒரு முக்கிய காரணம். தீக்குச்சி உலர வேண்டும். காகிதக் குழாய் உலர வேண்டும். திரி உலர வேண்டும். மழை குறைந்த ஊரில் இவை சீக்கிரம் உலரும். வேளாண்மைக்கு வானம் கைவிட்ட இடத்தில் கைத்தொழிலுக்கு அதே வானம் கைகொடுத்தது. ஆனால் திரியை உலர்த்தும் வெயில் பட்டாணிப் பூவையும் உலர்த்தத்தான் செய்யும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு ஆகாது.

காலத்தைப் பார்த்தாலும் வழி குறுகலாகவே இருக்கிறது. ஐப்பசியில் ஊன்றினால் மழை நீர் தேங்கி விதை அழுகும். பட்டாணி வேருக்கு நின்ற நீர் எமன். மழை முழுதும் ஓய்ந்தபின் மார்கழிக் கடைசியில் ஊன்றினால், மாசியில் வெயில் ஏறும் சமயத்தில் பூப்பூக்கும். இரண்டுக்கும் நடுவே, கார்த்திகை முதல் பாதியில், மழை இடைவிட்ட சில நாட்களே அதற்கு ஏற்றவை. அந்நாட்கள் எந்த ஆண்டில் எப்போது வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இத்தகைய பயிருக்கு வட்டிப் பணத்தைப் போடுவது, நாள் தெரியாத திருவிழாவுக்குக் கடை போடுவது போலாகும்.

“இராஜபாளையத்திலும் வத்திராயிருப்பிலும் நின்றால் மேற்கு மலை கண்ணுக்கு முன்னே தெரிகிறதே, அங்கே குளிர் உண்டே” என்று சிலர் கேட்பர். உண்மை. ஆயின் அம்மலை காப்புக்காடு. 1988-ல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாகவும், 2021-ல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே காடு வெட்டிப் பயிரிடுவது சட்ட விரோதம். அதோடு, அக்காடே அடிவாரத்து ஆறுகளுக்கும் கண்மாய்களுக்கும் தாய் என்பதை நாம் மறத்தலாகாது.

4. பட்டாணி விளையும் ஊர்கள்

நமக்கு அண்மையில் பச்சைப் பட்டாணி நன்கு விளையும் இடம் கோடைக்கானல் மலை. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரைச் சூழ்ந்த மலைக் கிராமங்களில் காரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ் ஆகியவற்றோடு பட்டாணியும் பயிராகிறது. அடுத்தது நீலகிரி. உதகமண்டலத்தில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘ஊட்டி 1’ என்னும் குட்டை இனம் சுமார் 90 நாட்களில் முடிவது. ‘ஆர்க்கல்’, ‘பானவில்’ என்னும் சுருங்கிய விதை இனங்களும் நெடுநாளாக வழங்கி வருகின்றன.

மலையில் விதைப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். விதைத்த சுமார் 75 நாட்களிலிருந்து பறிக்கலாம். ஹெக்டேருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு 40 கிலோ விதை வேண்டும். ஹெக்டேருக்கு 8 முதல் 12 டன் வரை பச்சைக் காய் கிடைக்கக்கூடும். தட்டைப்பயற்றுக்கு ஏக்கருக்கு 10 கிலோவுக்கு உட்பட்ட விதையே போதும் என்பதை ஒப்பிட்டால், பட்டாணியில் முதலீட்டின் பெரும்பங்கு விதையாகவே மண்ணுக்குள் போகிறது என்பது விளங்கும். விதை அழுகினால் கைமுதலே அழுகியது போலாம்.

வட இந்தியச் சமவெளிகளில் மார்கழி, தை, மாசி மாதங்களில் நல்ல குளிர். பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசத்து ஜபல்பூர் ஆகிய பக்கங்களில் அப்போது பட்டாணி ஏராளமாக விளைகிறது. அக்காலத்தில் அச்சரக்கு தெற்கேயும் வருவதால் கிரயம் இறங்கும். ஆகவே வாங்க விரும்புவோர் காலம் அறிந்து வாங்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நயம். மே, ஜூன் மாதங்களில் மலைச் சரக்கு மீண்டும் கிடைக்கும். மற்ற மாதங்களில் அருமை, ஆகவே கிரயம் அதிகம்.

5. நல்ல பட்டாணியை அறிந்து வாங்குதல்

பட்டாணி பறித்த நாழிகை முதல் மாறத் தொடங்குகிறது. மணியிலுள்ள சர்க்கரை மாவுச் சத்தாகிக்கொண்டே போகும். வெப்பம் மிகுந்த இடத்தில் சில மணி நேரத்திற்குள்ளேயே இனிப்பில் பெரும்பகுதி போய்விடும். குளிர்ந்த இடத்தில் இம்மாற்றம் மெதுவாக நடக்கும். உறைநிலையை ஒட்டிய குளிரில் ஈரப்பதத்தோடு வைத்தால் ஒரு வாரம், இரண்டு வாரம்கூடத் தாங்கும். கோடைக்கானலிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர்; மதுரையிலிருந்து விருதுநகருக்கு ஏறக்குறைய 50. மாலையில் பறித்து இரவில் மலையிறங்கும் காய் விடியலில் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் இருக்கும். காலை வெயில் ஏறுமுன் நம் ஊருக்கு வந்துவிடலாம். அதே காய் சாக்கில் கட்டிப் பகல் முழுதும் வெயிலில் கிடந்தால், மாலையில் ஆலை விட்டு வரும் பெண்களுக்குக் கிடைப்பது பட்டாணியின் பெயர் மட்டுமே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

(அ) காய் பளிச்சென்ற பச்சை நிறமாய், தொட்டால் குளிர்ச்சியாய், ஒன்றோடொன்று உரசினால் ‘கிரீச்’ என்று ஒலிப்பதாய் இருக்க வேண்டும்.

(ஆ) காய் நிரம்பியிருக்க வேண்டும். ஆயின் மணிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சதுரித்துவிட்டால் அது முற்றல்.

(இ) மஞ்சளித்த தோல், வெண்புள்ளி, காம்பருகில் கறுப்பு, சாக்கின் நடுவில் கை வைத்தால் சூடு ஆகியவை பழைய சரக்கின் அடையாளங்கள்.

(ஈ) ஒரு காயை உரித்து ஒரு மணியை வாயில் போட்டுப் பாருங்கள். இனித்தால் வாங்குங்கள், மாவாக இருந்தால் கிரயத்தைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

உரித்த மணியாக விற்பதில் ஒரு மோசம் நடப்பதுண்டு. காய்ந்த பட்டாணியை இரவெல்லாம் ஊறவைத்து, பச்சைச் சாயம் ஏற்றி, பச்சைப் பட்டாணி என்று விற்றுவிடுகிறார்கள். சாயத் தொழிலுக்குரிய மாலகைட் பச்சை என்னும் விஷப் பொருளையும் இதற்கு உபயோகிப்பதுண்டு. இதைக் கண்டறிய இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கற்பிக்கும் சோதனை மிக எளிது. ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது மணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அரைமணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் சாயம் உண்டு என்பது நிச்சயம். அத்தகைய சரக்கைத் தின்னாதீர்கள்; உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவியுங்கள். காயாக வாங்கி வீட்டில் உரிப்பதே இம்மோசத்திற்குச் சிறந்த மருந்து.

காயாக வாங்கும்போது எடையையும் கணக்கிடுதல் வேண்டும். 1 கிலோ காயை உரித்தால் அரைக் கிலோவுக்குக் குறைவான மணியே கிடைக்கும். 450 கிராம் என்று வைத்துக்கொள்வது கணக்குக்குப் போதும்.

6. கூடி வாங்குவதன் கணக்கு

1904-ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்த ஆண்டிலேயே, அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின. முன்னது கூடிக் கடன் பெறுவதற்கு. பின்னது கூடிச் சாமான் வாங்குவதற்கு. நம் கிராமங்களில் முதலாவதையே கூட்டுறவு என்று எண்ணி இரண்டாவதை மறந்துவிட்டோம். பட்டாணி விஷயத்தில் நமக்கு வேண்டுவது இரண்டாவதே.

ஓர் உதாரணம் கூறுகிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக யான் அமைத்தவை. அன்றைய சந்தை நிலவரத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கத்தில் 60 குடும்பங்கள், ஒவ்வொன்றும் 1 கிலோ காய் வேண்டுமென முன்னாளே காரியதரிசியிடம் பெயர் பதிந்து பணம் கட்டுகின்றன. மொத்தச் சந்தையில் கிலோ 60 ரூபாய் வீதம் 60 கிலோவுக்கு 3,600 ரூபாய். வண்டிச் சத்தமும் கூலியும் 480 ரூபாய். ஆக 4,080 ரூபாய். வழியில் 3 கிலோ கழிவு போனால், எஞ்சிய 57 கிலோவுக்குக் கிலோ ஒன்றுக்கு அடக்கம் ஏறக்குறைய 72 ரூபாய். சில்லறைக் கடையில் 90 ரூபாய் என்றால், கிலோவுக்கு 18 ரூபாய் மிச்சம். உரித்த மணியாகக் கணக்கிட்டால் 200 ரூபாய்க்குப் பதில் 160 ரூபாய்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். பெயர் பதியாமல், பணம் கட்டாமல், “வந்தால் வாங்குவார்கள்” என்று கொண்டுவந்த சரக்கில் 15 கிலோ மாலைவரை விற்காமல் வாடிப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். 4,080 ரூபாயை 45 கிலோவால் வகுத்தால் கிலோ 90 ரூபாய்க்கும் சற்று மேல். லாபம் முழுதும் போயிற்று. சங்கத்திற்குக் கைநஷ்டமும் வந்தது. ஆகவே அழுகும் பொருளில் கூட்டுறவின் உயிர்நிலை முன்பதிவு. எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்து, அவ்வளவே வாங்கி, வந்த காலையிலேயே பங்கிட்டுவிட வேண்டும்.

இதற்கு வேண்டிய ஏற்பாடுகள் சில. பதிவேடு ஒன்று, தராசு ஒன்று, சாக்குக்குப் பதில் காற்றோட்டமுள்ள கூடை அல்லது பெட்டி, ஈரத் துணி, நிழலான ஓரிடம். முதல் நாள் மாலை ஆறு மணியோடு பதிவு முடிவு. சந்தைக்குச் செல்பவர் இருவர். சந்தைச் சீட்டை அன்றே கணக்கோடு சேர்த்து விளம்பரப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். சீட்டு இல்லாத செலவு சங்கச் செலவு ஆகாது. ஆலைக்குச் செல்லும் குடும்பங்களுக்குக் காலை ஏழு மணிக்கு முன் பங்கிட வேண்டும். இயலாவிடில் அவர்களுக்குரிய பங்கை ஈரத் துணி போர்த்திக் குளிர்ந்த அறையில் வைத்தல் வேண்டும்.

குளிர்பெட்டி உள்ள வீடுகளில் இன்னொரு வசதி உண்டு. பட்டாணி நயமாயிருக்கும் தை மாதத்தில் வாங்கி உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிஷம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவைத்து, ஈரம் வடித்து, உறையறையில் வைத்தால் பல மாதங்கள் கெடாது. கடையில் விற்கும் உறைந்த பட்டாணியும் இம்முறையில் ஆனதே. 1930-ல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் பர்ட்ஸ்ஐ என்பவர் சில்லறைக் கடைகளுக்குக் கொண்டுவந்த உறைந்த உணவுகளில் பட்டாணியும் ஒன்று. பறித்தவுடன் உறையவைத்த மணி, மூன்று நாள் வெயிலில் வாடிய ‘பச்சை’க் காயைவிட இனிப்பாகவே இருக்கும். ஆனால் வழியில் உருகி மறுபடி உறைந்த பொட்டலத்தில் மணிகள் கட்டியாக ஒட்டியிருக்கும். அதை வாங்க வேண்டாம்.

7. நம் மண்ணின் பச்சைப் பயறுகள்

பட்டாணியை நாம் விரும்புவது ஏன்? பச்சை மணி, இனிப்பு, குழம்பிலும் குருமாவிலும் மென்மை, உடலுக்குப் புரதம். 100 கிராம் பச்சைப் பட்டாணியில் 5 முதல் 7 கிராம் வரை புரதம் உண்டு. இக்குணங்கள் யாவும் நம் கரிசலில் விளையும் வேறு பயறுகளிலும் இருக்கின்றன. அவை பட்டாணியின் உறவினர்களே.

மொச்சை: ஆடி, ஆவணியில் விதைத்தால் பொழுது குறுகும் காலத்தில் பூத்து, மார்கழி தையில் காய்க்கும். சோளத்தில் ஊடுபயிராகவும் வரப்போரமாகவும் வரும். பொங்கலன்று மொச்சைக் குழம்பு இல்லாத வீடு நம் பக்கத்தில் எது? பச்சை மணியைப் பிதுக்கிச் சமைத்தால் பட்டாணிக்குச் சற்றும் இளைத்ததன்று. விற்று மிஞ்சியதை உலர்த்தினால் ஆண்டு முழுதும் உதவும். வாடி அழுகும் பொருளுக்கும் உலர்ந்து காக்கும் பொருளுக்கும் உள்ள பேதம் ஏழைக் குடியானவனுக்கு மிகப் பெரிது.

துவரை: ஆடிப் பட்டத்துத் துவரையின் பச்சைக் காயை மார்கழி தையில் பறித்து அவித்தும், மணியாக உரித்துக் குழம்பு வைத்தும் உண்கிறோம். முற்றியது பருப்பாகும். ஆணிவேர் ஆழச் செல்வதால் வறட்சியைத் தாங்கும்; உதிரும் தழை மண்ணுக்கு உரம்.

தட்டைப்பயறு: விதைத்த சுமார் 50 நாட்களில் பச்சைக் காய் பறிக்கலாம். இறைவை உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லாக் காலத்திலும் பயிரிடலாம். வெயிலைக் கண்டு அஞ்சாதது.

இம்மூன்றுக்கும் வேண்டிய வேர் நுண்ணுயிர் நம் மண்ணிலேயே உண்டு. விதை நம் வீட்டுக் குதிரிலேயே உண்டு. வாங்குவோர் நம் சந்தையிலேயே உண்டு. சந்தைக்குக் கொண்டுபோவதிலும் கூட்டுறவு உதவும். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறை பின்னர் நம் ஜில்லா நகரங்களுக்கும் வந்தது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே வண்டியில் மொச்சைக்காயை அங்கே கொண்டுசென்றால் வண்டிச் சத்தம் பத்தில் ஒன்றாகும்.

8. சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்கு

இவ்வளவு சொல்லியும், “ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன்” என்று விரும்புவோர் இருப்பர். ஆர்வத்தை அணைப்பது இப்பாடத்தின் கருத்தன்று. ஆயின் சோதனைக்கு ஓர் அளவு உண்டு. 1 சென்டு நிலம், 400 கிராம் விதை, கைப்பணம் ஆகிய இம்மூன்றையும் தாண்ட வேண்டாம்.

மேற்கு வெயிலைச் சுவரோ மரமோ மறைக்கும் இடமாகத் தெரிந்தெடுங்கள். மணல் கலந்த செம்மண் அல்லது நன்கு தொழு உரமிட்ட தோட்ட மண் நல்லது. கரிசலானால் பார் உயர்த்தி, நீர் வடியச் செய்யுங்கள். ஆர்க்கல் போன்ற குறுகிய நாள் இனத்தின் புதிய விதையை, பட்டாணிக்கென்றே உள்ள நுண்ணுயிர் உரத்தோடு கலந்து, கார்த்திகை முதல் பாதியில் மழை இடைவிட்ட நாளில், வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் விதைக்கு விதை 10 சென்டிமீட்டரும் விட்டு ஊன்றுங்கள். நீர் அளவாக விடுங்கள், தேங்க விடாதீர்கள். பூக்கும் நாட்களில் காலை, பிற்பகல் வெப்பத்தை உஷ்ணமானி கொண்டு குறித்து வையுங்கள். பறித்த காயை நிறுத்து எழுதுங்கள். 1 சென்டில் மலையில் கிடைப்பது ஏறக்குறைய 32 முதல் 48 கிலோ. உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று அதனோடு ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டு இவ்விதம் எழுதிய ஏடு, முந்நூறு பேச்சுகளைவிட உயர்ந்தது. கோவில்பட்டியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் மானாவாரிப் பயிர்களைப் பற்றி ஆலோசனை சொல்லும் இடங்கள். விதை வாங்குமுன் அங்கே விசாரியுங்கள்.

9. சங்கத்தின் கடமை

கடன் என்பது பணம் கொடுப்பது மட்டுமன்று. பயிரைப் பற்றிய ஆலோசனையும் அதில் அடங்கும். ஜாமீன் நன்றாயிருக்கிறது என்பதற்காகப் பொருந்தாத பயிருக்குக் கடன் கொடுத்தால், சங்கத்திற்குப் பணம் திரும்பி வரலாம். அங்கத்தினருக்கு நிலமோ நகையோ போகும். அது சங்கத்தின் வெற்றி ஆகாது. ஆகவே புதுப் பயிருக்குக் கடன் கேட்டு மனு வந்தால், நிர்வாகக் குழுவினர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இப்பயிர் பூக்கும் மாதத்தில் நம் ஊரின் வெப்பம் என்ன? இதே பயிரை நம் ஊருக்குப் பத்துக் கல் சுற்றளவில் யாரேனும் மூன்று ஆண்டு எடுத்திருக்கிறார்களா? விளைந்த பொருள் விற்காவிட்டால் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? விதை முழுதும் போனால் மனுதாரர் எதைக்கொண்டு அடைப்பார்? நான்கிற்கும் விடை கிடைத்த பின்னரே கையொப்பம்.

சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவரைச் சென்ற தை மாதத்தில் மறுபடி கண்டேன். கடன் தீர்ந்து நெடுநாளாயிற்று. அவர் சங்கத்தில் இப்போது 30 குடும்பங்கள் சேர்ந்து குளிர்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரையிலிருந்து பட்டாணி வருவிக்கின்றன. பதிவேட்டை எழுதுபவர் அவரே. அவர் நிலத்தின் வரப்பு முழுதும் மொச்சை படர்ந்திருந்தது. “மலையில் விளைவதை மலையிலிருந்து வாங்குகிறோம், கரிசலில் விளைவதைக் கரிசலில் போடுகிறோம், ஐயா” என்றார். எனக்கு ஒரு கூடை மொச்சைக்காயும் கொடுத்தார். அதற்குரிய கிரயத்தைப் பதிவேட்டில் எழுதச் செய்து கொடுத்துவிட்டே வந்தேன்.

வாசக சபையில் கேட்டு விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. பட்டாணிச் செடி உயிரோடு இருந்தும் காய்க்காமல் போவது ஏன்?

2. மளிகைக் கடைப் பட்டாணியை விதைக்கலாகாது என்பதன் காரணம் யாது?

3. 60 கிலோ காயில் 9 கிலோ கழிவு போனால், மேற்கண்ட கணக்குப்படி கிலோ ஒன்றுக்கு அடக்கம் என்ன? அப்போது மிச்சம் எவ்வளவு?

4. சாயமேற்றிய பட்டாணியை வீட்டில் கண்டறியும் வழி என்ன? சபையிலேயே செய்து காட்டுக.

5. உங்கள் கிராமத்தில் எத்தனை வரப்புகளில் மொச்சையோ துவரையோ இருக்கின்றன? அடுத்த ஆடியில் எத்தனை வரப்புகளில் போடலாம்? எண்ணி எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்க.